நடக்க வைக்கும் இயந்திரமும் வாவிக்கரை மணலும்

2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், இடுப்புக்குக் கீழே இயக்கமற்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரர் கெவின் பியெத் ஒலிம்பிக் சுடரை ஏந்திச் சென்றார். சக்கர நாற்காலியில் அல்ல. எழுந்து நின்று, கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து நடந்தார். அவருடைய இடுப்பையும் கால்களையும் சுற்றி ஒரு இயந்திரச் சட்டகம் பூட்டப்பட்டிருந்தது. வான்டர்கிராஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் செய்த சட்டகம் அது. அந்தக் காணொளி எங்கள் வட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர அதிக நாள் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னிடம் பலர் கேட்டார்கள். உள்ளூரில் இருப்பவர்கள் "இது இஞ்ச வருமா" என்றார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் "எவ்வளவு காசு, சேர்த்தால் வாங்கேலுமா" என்றார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒருவர் மட்டும் வேறு மாதிரிக் கேட்டார். முதுகில் ஷெல் துண்டு பட்டு இருபது வருடங்களுக்குக் கிட்ட சக்கர நாற்காலியில் இருப்பவர். காணொளியை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "மகள், இது மணலுக்க நடக்குமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவசரத்துக்கு ஒண்டுக்கு வந்தாக் கழட்டேலுமா?" என்றார். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த இரண்டு கேள்விகளுக்குமான பதில்.

எது, யாருக்கு

ஆங்கிலத்தில் இதை எக்ஸோஸ்கெலிற்றன் என்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தில் இதற்கு நல்ல சொல் ஒன்று உண்டு: புறவன்கூடு. வாவியில் பிடிபடும் நண்டுக்கும் இறாலுக்கும் எலும்பு உள்ளே இல்லை, வெளியே ஓடாக இருக்கிறது. அந்த ஓடுதான் புறவன்கூடு. மனிதனுக்குச் செய்யும் புறவன்கூடும் அதே போல உடம்புக்கு வெளியே பூட்டப்படும் ஓடுதான். இடுப்பு, முழங்கால் மூட்டுக்களுக்கு நேரே மோட்டர்கள் இருக்கும். முதுகிலோ இடுப்பிலோ பற்றரியும் சிறு கணினியும் இருக்கும். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணரிகள் கணினிக்குச் சொல்லும், கணினி மோட்டர்களைத் திருப்பும்.

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டும். புறவன்கூடு, கால் இருந்தும் அது இயங்காதவர்களுக்கானது. முள்ளந்தண்டு வடம் அறுபட்டவர்கள், பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள், தசைகள் மெலியும் நோயுள்ளவர்கள் இதில் அடங்குவர். கண்ணிவெடியில் காலை இழந்தவருக்கு இது பொருந்தாது. அவருக்குத் தேவை செயற்கைக் கால். அது வேறு தொழில், வேறு துறை. வட்ஸ்அப்பில் இரண்டும் ஒன்றாகவே சுற்றுகின்றன. முழங்காலுக்குக் கீழே இல்லாத ஒருவருக்குப் புறவன்கூடு வாங்கவென்று காசு சேர்க்கும் அறிவித்தல் ஒன்றை நானே பார்த்தேன். சேர்த்தவர்கள் நல்ல மனதோடுதான் சேர்த்தார்கள்.

மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடிகள் அகற்றப்பட்ட மாவட்டமாக 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. நிலம் சுத்தமாகிவிட்டது. அந்த நிலத்தில் காலை விட்டவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

பெல்கிறேட்டிலிருந்து இன்றுவரை

இந்த யோசனை திரைப்படத்திலிருந்து வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அன்றைய யூகோஸ்லாவியாவின் பெல்கிறேட் நகரில், மிஹைலோ புபின் நிறுவனத்தில், மியோமிர் வுகோப்ரட்டோவிச் என்ற பொறியியலாளரின் குழு 1969இலிருந்து இதில் வேலை செய்தது. கால் இயங்காதவர்களை நிற்க வைத்து நடத்தும், காற்றழுத்தத்தில் இயங்கும் சட்டகங்களை அவர்கள் செய்து வைத்தியசாலையில் பரிசோதித்தார்கள். அன்று கணினியை முதுகில் சுமக்க முடியாது, பற்றரியும் போதாது. அதனால் அது ஆய்வுகூடத்தை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. இன்று மனிதரைப் போல நடக்கும் ரொபோக்கள் விழாமல் நிற்பதற்கான கணக்கு அந்தக் குழுவின் வேலையிலிருந்து பிறந்தது.

பற்றரியும் கணினியும் சிறிதாகி, 2000க்குப் பிறகுதான் இது சந்தைக்கு வந்தது. ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யொஷியுகி சங்காய் 2004இல் சைபர்டைன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய ஹால் என்ற இயந்திரம், தசையை அசைக்க மூளை அனுப்பும் மெல்லிய மின்சமிக்ஞையைத் தோலின் மேலிருந்தே பிடித்து, அதற்கேற்ப மோட்டரை இயக்கும். அமெரிக்காவில் எக்ஸோ பயோனிக்ஸ் நிறுவனம் 2005இல் ஆரம்பமானது. நியூசிலாந்தின் ரெக்ஸ், ஊன்றுகோல் இல்லாமலே நிற்கக்கூடியது, ஆனால் மிகவும் பாரமானது.

வீட்டில் சொந்தமாக வைத்திருக்க அமெரிக்க அரசு அனுமதித்த முதல் புறவன்கூடு இஸ்ரேலில் உருவான ரீவோக். 2014 ஜூனில் அனுமதி கிடைத்தது. கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தால் அது ஒரு அடி எடுத்து வைக்கும். சமநிலைக்கு இரண்டு கையிலும் ஊன்றுகோல் வேண்டும். 2012இல் கிளெயார் லோமஸ் என்ற பிரித்தானியப் பெண் இதை அணிந்து லண்டன் மரதன் தூரத்தை நடந்து முடித்தார். அதற்கு இரண்டு கிழமைக்கும் மேல் எடுத்தது.

ரீவோக்கைக் கண்டுபிடித்த அமித் கோபர் 1997இல் ஒரு வாகன விபத்தில் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். தன் நிலையிலிருந்துதான் யோசிக்கத் தொடங்கினார். ஆனால் ரீவோக்கை அவரால் பாவிக்க முடியவில்லை, ஏனென்றால் ஊன்றுகோலைப் பிடிக்கக் கையில் பலம் வேண்டும். பிறகு அவர் வேறொரு நிறுவனம் தொடங்கி, ஆளை நிமிர்த்தி நிறுத்தியபடியே உருண்டு செல்லும் சக்கர வாகனம் ஒன்றைச் செய்தார். நடக்கும் இயந்திரம் செய்தவர் தனக்காகச் சக்கரத்துக்குத் திரும்பியதை எந்த விளம்பரக் காணொளியிலும் நான் பார்க்கவில்லை.

உடம்பு தயாரா என்பதே முதல் கேள்வி

காணொளியில் இருப்பவர் எழுந்து நிற்கிறார். அவர் எழுந்து நிற்பதற்கு முன்னர் அவருடைய உடம்பில் என்னவெல்லாம் சரியாக இருந்திருக்க வேண்டும் என்பது காணொளியில் வராது.

முள்ளந்தண்டு வடம் அறுபட்ட இடத்தைப் பொறுத்து எல்லாம் மாறும். ரீவோக் போன்றவற்றை வீட்டிலும் வெளியிலும் பாவிக்க, காயம் நெஞ்சு முள்ளெலும்பின் ஏழாம் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். தோளும் கையும் ஊன்றுகோலைத் தாங்க வேண்டும். உயரமும் நிறையும் இயந்திரத்தின் அளவுக்குள் இருக்க வேண்டும், ரீவோக்குக்கு 160 முதல் 190 சென்ரிமீற்றர் வரை உயரம், 100 கிலோவுக்குள் நிறை. எங்கள் பெண்களில் எத்தனை பேர் 160 சென்ரிமீற்றர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது எலும்பு. பாரம் தாங்காத கால் எலும்பு வேகமாகக் கரைகிறது. காயம்பட்ட முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே பெரும் இழப்பு நடந்துவிடும். 2006, 2007இல் வாகரையிலும் படுவான்கரையிலும் காயப்பட்டவர்களுக்கும், 2009இல் வன்னியில் காயப்பட்டவர்களுக்கும் இன்று பதினைந்து, இருபது வருடங்கள் கடந்துவிட்டன. அவ்வளவு காலம் நிற்காத காலை திடீரென நிறுத்தி நடக்க வைத்தால் எலும்பு முறியலாம். உணர்வு இல்லாதபடியால் முறிந்ததுகூட உடனே தெரியாது. புறவன்கூட்டுப் பயிற்சியில் பாத எலும்புகள் முறிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் எலும்பின் அடர்த்தியை அளக்காமல் யாரையும் இந்த இயந்திரத்தில் ஏற்றக்கூடாது என்கிறார்கள்.

மூட்டுக்கள் மடங்கி இறுகிப் போயிருந்தால் அதுவும் தடை. தினமும் யாராவது கால்களை நீட்டி மடக்கிவிட்டிருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் அந்த யாராவது பெரும்பாலும் அம்மா, அல்லது மனைவி. அவர்களுக்கும் வயது போகிறது.

எல்லாவற்றுக்கும் மேல், தோல். பட்டைகள் இறுக்கும் இடத்தில் புண் இருந்தால் இயந்திரத்தைப் பூட்ட முடியாது. இருபது வருடம் சக்கர நாற்காலியில் இருந்தவர்களிடம் பேசினால், நடக்க ஆசையா என்று நாம் கேட்பதற்குள் அவர்கள் படுக்கைப்புண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். இருக்கும் இடம் தெரியாது, குத்துவது தெரியாது, ஈரம் தெரியாது. ஒரே இடத்தில் எலும்புக்கும் கதிரைக்கும் நடுவில் தோல் நசிபட்டு இரத்தம் ஓடாமல் அழுகும். மேலே ஐம்பது சத அளவில் தெரியும் புண் உள்ளே எலும்புவரை போயிருக்கும். கிருமி இரத்தத்தில் ஏறினால் உயிர் போகும். மற்றக் கொலைகாரன் சலப்பை. சலம் முழுதாக வெளியேறாமல் தேங்கிக் கிருமி பிடித்து, அது சிறுநீரகத்துக்கு ஏறும்.

இந்த இடத்தில் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அதுவரை முள்ளந்தண்டு வடம் அறுபட்ட படையினரைச் சாகப்போகிறவர்களாகவே வைத்தியர்கள் பார்த்தார்கள். முதலாம் உலக யுத்தத்தில் அப்படிக் காயப்பட்டவர்களில் பெரும்பாலானோர் புண்ணாலும் சிறுநீரகக் கிருமியாலும் சில வருடங்களுக்குள் இறந்தார்கள். 1944 பெப்ரவரியில், இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையில், ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன் ஒரு பிரிவைத் தொடங்கினார். அவர் புதிய இயந்திரம் எதையும் கொண்டுவரவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும், ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். சலப்பையைச் சுத்தமாக வெறுமையாக்கும் முறையைக் கட்டாயமாக்கினார். படுக்கையை விட்டு எழுப்பி வேலையும் விளையாட்டும் கொடுத்தார். அவர் 1948இல் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னர் பராலிம்பிக்காக வளர்ந்தது. கெவின் பியெத் ஒலிம்பிக் சுடர் வரைக்கும் வந்த பாதை புரட்டிப் படுக்க வைத்த அந்தத் தாதியரிடமிருந்து தொடங்குகிறது.

1972இல் அமெரிக்க வைத்தியர் ஜாக் லாபிடஸ் இன்னொன்றைக் காட்டினார்: கையைச் சுத்தமாகக் கழுவி, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானே குழாயைச் செருகி சலத்தை எடுத்தால் போதும், சத்திரசிகிச்சைக் கூடத்துச் சுத்தம் தேவையில்லை. இன்று உலகம் முழுவதும் இது வழக்கம். வேண்டியது குழாய், சவர்க்காரம், சுத்தமான தண்ணீர், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மறைவு. இதில் கடைசி இரண்டும் எங்கள் பல வீடுகளில் கஷ்டமானவை.

கொக்கட்டிச்சோலைக்காரர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். கழட்டலாம், ஆனால் உடனே அல்ல. பட்டைகள் பூட்டவும் கழட்டவும் பழகியவருக்கே பல நிமிடங்கள் எடுக்கும். ரீவோக்கை வீட்டில் பாவிக்க அமெரிக்க அரசு கொடுத்த அனுமதியிலேயே, பயிற்சி பெற்ற ஒரு துணை பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

தரையும் காசும்

மணலில் நடக்குமா என்றால், இல்லை. இன்றைய இயந்திரங்கள் சமதரைக்காகச் செய்யப்பட்டவை. சீமெந்துத் தரை, தார் வீதி, சில மொடல்களில் படிக்கட்டு. ஊன்றுகோல் புதையும் மணலுக்கும், மாரிக்குச் சேறாகும் ஒழுங்கைக்கும் அவை செய்யப்படவில்லை. வேகமும் அப்படித்தான். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முள்ளந்தண்டு காயமுள்ளவர்கள் இதில் நடந்த சராசரி வேகம் செக்கனுக்கு 0.26 மீற்றர். மணித்தியாலத்துக்கு ஒரு கிலோமீற்றருக்கும் குறைவு. சந்தைக்குப் போகும் வேகமல்ல, அறைக்குள் நிற்கும் வேகம்.

வாவியின் இரண்டு கரையையும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எழுவான்கரையில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் மணல். படுவான்கரையில் வயலும் கிறவலும். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு ஒரு பெரிய கஷ்டம் தீர்ந்தது. ஆனாலும் பாதையில் ஏறி வாவியைக் கடக்கும் துறைகள் இன்னும் இருக்கின்றன. பாதை கரை தட்டும்போது மிதப்புக்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு அடி இடைவெளி வரும். சக்கர நாற்காலியை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். தூக்கும் பிள்ளைகள் யாரும் கூலி கேட்பதில்லை. ஆனால் தூக்கச் சொல்லிக் கேட்பதற்கு வெட்கப்பட்டே கிளினிக்குக்குப் போகாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். பொதுக் கட்டிடங்களில் சாய்தளம் வேண்டும் என்ற ஒழுங்குவிதி இலங்கையில் 2006இலிருந்து இருக்கிறது. துறைகளை அந்தக் கண்ணோடு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனிக் காசு. அமெரிக்காவின் அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார், 2024 ஏப்ரலிலிருந்து ஒரு சொந்தப் பாவனைப் புறவன்கூட்டுக்கு 91,032 டொலர் என்று கணக்கு வைத்தது. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் அது 2 கோடியே 70 இலட்சம் ரூபாவுக்கு மேல். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டது. அந்தக் கொடுப்பனவை ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால், இயந்திரம் வாங்க 225 வருடங்களுக்கு மேல் செல்லும்.

வாங்கினாலும் முடிவதில்லை. அமெரிக்காவில் பந்தயக் குதிரையிலிருந்து விழுந்து கால்கள் செயலிழந்த முன்னாள் வீரர் ஒருவர், சுமார் ஒரு இலட்சம் டொலர் பெறுமதியான புறவன்கூட்டைப் பத்து வருடம் பாவித்தார். மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட அடிகள் நடந்தார். 2024இல் அது நின்றுவிட்டது. பழுது, கையில் கட்டும் கட்டுப்பாட்டுக் கடிகாரத்தின் பற்றரி இணைப்பில். சின்ன வேலை. ஐந்து வருடத்துக்கு மேல் பழைய இயந்திரத்தைத் தாங்கள் திருத்துவதில்லை என்று நிறுவனம் சொன்னது. ஊடகங்களில் சத்தம் வந்த பிறகுதான் திருத்திக் கொடுத்தார்கள். அமெரிக்காவிலேயே இந்த நிலை. உப்புக்காற்றில் சைக்கிள் செயினே ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும் ஊரில், பழுதான மோட்டரை எந்த நாட்டுக்கு அனுப்புவது? சக்கர நாற்காலி பழுதானால் களுவாஞ்சிக்குடியிலோ வாழைச்சேனையிலோ சைக்கிள் கடைக்காரர் ரியூப்பை ஒட்டுவார், கம்பியை வெல்டிங் பிடிப்பார். அந்த வசதியின் பெறுமதியை நாங்கள் கணக்கிடுவதில்லை.

வேலை செய்யும் இடம்

இதை வாசித்துவிட்டு இயந்திரமே வேண்டாம் என்று சொல்கிறேன் என எடுத்துக்கொள்ள வேண்டாம். நின்றால் இரத்த ஓட்டம், மலச்சிக்கல், தசை இறுக்கம் ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிவதாகப் பாவித்தவர்கள் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் கண்ணை நேரே பார்த்துப் பேசுவது எப்படி இருக்கும் என்பதை நடக்கிறவர்களுக்கு விளக்க முடியாது என்றும் சொல்கிறார்கள்.

ஆனால் இந்த இயந்திரம் தன்னை நிரூபித்த இடம் தனி வீடு அல்ல, வைத்தியசாலை. முக்கியமாகப் பாரிசவாதம். பாரிசவாதம் வந்தவரின் மூளை நடையைத் திரும்பக் கற்க, ஒரே அடியை நூற்றுக்கணக்கான தடவை எடுத்து வைக்க வேண்டும். இயன்மருத்துவர் ஒருவர் குந்தியிருந்து கையால் காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் பத்து நிமிடத்தில் அவருக்கே இடுப்பு விட்டுப்போகும். சுவிற்சர்லாந்தின் லோகோமற், ஜப்பானின் ஹால் போன்றவை அந்த வேலையைக் களைக்காமல் செய்கின்றன. இயந்திரமும் இயன்மருத்துவமும் சேர்ந்து கிடைத்தவர்கள், முக்கியமாக முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கியவர்களும் அப்போது நடக்கவே முடியாதிருந்தவர்களும், தனியாக நடக்கும் நிலைக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் மீளாய்வு சொல்கிறது. சேர்ந்து என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இயன்மருத்துவர் இல்லாத இடத்தில் இயந்திரம் மட்டும் இருந்து பயனில்லை.

கேரளத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தை, மனிதர் இறங்காமல் மலக்குழியைச் சுத்தம் செய்யும் பண்டிகூட் ரொபோவுக்காகப் பலர் அறிவார்கள். அதே இளைஞர்கள் ஜி-கெய்ட்டர் என்ற நடைப் பயிற்சி இயந்திரத்தைச் செய்திருக்கிறார்கள், கேரள வைத்தியசாலைகளில் அது பாவனையில் இருக்கிறது. ஒரு இயந்திரம், ஒரு நாளில் பல நோயாளிகள், பக்கத்து மாநிலத்தில் உதிரிப்பாகம். எங்களுக்கு ஒத்துவரும் கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவருக்கு ஒரு இயந்திரம் வாங்கக் காசு சேர்ப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

இலங்கையிலும் ஆய்வு நடக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழக இயந்திரப் பொறியியல் துறையில் பயோனிக்ஸ் ஆய்வுகூடம் இருக்கிறது. ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தில் கைக்கான புறவன்கூட்டில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்த பேராசிரியர் ருவான் கோபுர அதன் பின்னால் இருப்பவர். கை, கால் இரண்டுக்குமான புறவன்கூடுகளும் செயற்கை அவயவங்களும் அங்கே வடிவமைக்கப்படுகின்றன. யுத்தத்தில் காயப்பட்ட இரண்டு தரப்பும் உள்ள நாட்டில் இந்த ஆய்வு நடப்பது நல்லது. கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் அந்த ஆய்வுகூடத்தோடு பேசினால், மணல் என்ற பிரச்சினை ஒரு ஆய்வுத் தலைப்பாக மாறும்.

சென்னை ஐ.ஐ.டி. இன்னொரு வழியில் போகிறது. அங்குள்ள புனர்வாழ்வுக் கருவிகள் ஆய்வு மையம், பேராசிரியர் சுஜாதா ஸ்ரீநிவாசனின் தலைமையில், 2019 நவம்பரில் அரைஸ் என்ற நிற்கும் சக்கர நாற்காலியை வெளியிட்டது. மோட்டர் இல்லை, பற்றரி இல்லை. இருப்பவர் தன் கையாலேயே நெம்பி எழுந்து நிற்கலாம். வெளியிட்டபோது சொன்ன விலை சுமார் 15,000 இந்திய ரூபா. நிற்பதால் வரும் நன்மைகளில் பெரும்பங்கு இதிலேயே கிடைத்துவிடும், திருத்தச் சைக்கிள் கடையும் போதும். அமித் கோபர் கோடிக்கணக்கில் செலவழித்து வந்து சேர்ந்த இடத்துக்கு இவர்கள் நெம்புகோலோடு வந்திருக்கிறார்கள்.

காலை இழந்தவர்களுக்கு

இவர்களுக்கான உயர்தொழில்நுட்பமும் வேறு வழியில் வளர்ந்திருக்கிறது. ஜேர்மனியின் ஒட்டோபொக் நிறுவனம் 1997இல் சி-லெக் என்ற, சிறு கணினி கட்டுப்படுத்தும் முழங்காலைக் கொண்டுவந்தது. மலையேற்றத்தில் இரண்டு கால்களையும் இழந்த அமெரிக்கப் பேராசிரியர் ஹியூ ஹெர், மோட்டர் உந்தும் கணுக்காலைச் செய்தார். ஆனால் எங்கள் ஊரில் செயற்கைக் கால் அணிபவரிடம் கேட்டால், முழங்காலைவிடத் தண்டு நுழையும் குழியைப் பற்றித்தான் பேசுவார். உடம்பு மெலிந்தால், கொழுத்தால், அந்தக் குழி ஒத்துவராது. உரசும், புண்ணாகும், பிறகு கால் சுவர் மூலையில் நிற்கும். சில வருடத்துக்கு ஒருமுறை குழியைப் புதிதாக எடுக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற செயற்கை அவயவத் தொழில்நுட்பவியலாளர் வேண்டும். ஜெய்ப்பூரில் 1968இல் வைத்தியர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து செய்த கால், வெறும் காலோடு வயலில் இறங்கவும் சப்பாணி கொட்டி இருக்கவும் பொருந்தும். எங்கள் வாழ்க்கைக்கு அது இன்னும் பொருத்தமான கால். யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் நிலையம் யுத்த காலத்திலேயே இதைச் செய்து கொடுத்தது. இப்போது சர்க்கரை நோயால் கால் எடுக்கப்படுபவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

காசு அனுப்புபவர்கள் கேட்க வேண்டியவை

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒருவருக்கு உதவ நினைப்பவர், இயந்திரத்தின் விலையைக் கேட்பதற்கு முன்னர் அவரிடம் இவற்றைக் கேட்கட்டும். இப்போது புண் இருக்கிறதா? கதிரையில் என்ன போட்டு இருக்கிறீர்கள்? சாதாரணப் பஞ்சுத் தலையணையா, அழுத்தத்தைப் பிரிக்கும் காற்று மெத்தையா? குழாய் மாதம் எத்தனை தேவை, எத்தனை கிடைக்கிறது? மலசலகூடத்துக்குள் கதிரை போகுமா, வாசல் அகலம் என்ன? வீட்டிலிருந்து வீதிவரை எத்தனை அடி மணல்? கடைசியாக இயன்மருத்துவர் எப்போது பார்த்தார்? உங்களைத் தூக்குபவருக்கு முதுகு எப்படி இருக்கிறது?

இவற்றுக்கான பதில்களில் வரும் சாமான்கள் ஒவ்வொன்றும் ஆயிரங்களில் முடியும், சில இலட்சத்தைத் தொடும், கோடியை எட்டாது. வாசலை அகலமாக்கி, வீதிவரை நான்கடி அகலத்தில் சீமெந்துப் பாதை போட்ட ஒரு வீட்டை ஆரையம்பதிப் பக்கம் பார்த்தேன். ஊர் இளைஞர்கள் சிரமதானத்தில் போட்டது. அதில் இருப்பவர் இப்போது காலையில் தானே உருட்டிக்கொண்டு சந்திக்கு வந்து பத்திரிகை வாங்குகிறார். முன்பக்கச் சக்கரம் பெரிதாக உள்ள மூன்று சக்கரக் கதிரையும் மணலில் ஓரளவு ஓடும். கரடுமுரடான தரைக்கென்றே அப்படியான கதிரைகளை மோட்டிவேஷன் என்ற பிரித்தானியத் தொண்டு நிறுவனம் வடிவமைத்திருக்கிறது.

வன்னியில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து நடத்தும் உயிரிழை அமைப்பு இருக்கிறது. புண்ணை எப்படிப் பார்ப்பது, கண்ணாடி வைத்து முதுகை எப்படிச் சோதிப்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது போன்றவற்றை வைத்தியரைவிட அதே நிலையில் இருக்கும் இன்னொருவர் சொன்னால் ஆட்கள் கேட்கிறார்கள். வாவிக்கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே இருக்கிறார்கள். ராகமவின் புனர்வாழ்வு வைத்தியசாலை இங்கிருந்து சுமார் 300 கிலோமீற்றர். போய் வருவதற்கே ஒரு வாகனமும் இரண்டு துணையும் வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில், கொக்கட்டிச்சோலையிலோ களுவாஞ்சிக்குடியிலோ, பத்துச் சக்கர நாற்காலிக்காரர்கள் கூடிப் பேசுவதற்கு வாகனக் கூலியும் சாப்பாடும்தான் செலவு. கூடும் இடத்தில் கதிரை போகும் மலசலகூடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.